புது மச்சத்துக்கு என்ன பலன்?

மச்சம் கண்டால் பலன் பார்க்கிற ஆட்கள் நாம். உதட்டருகே இருந்தால் ஒன்று, தோளில் இருந்தால் இன்னொன்று என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். ஆனால், சிறு வயதில் புற்றுநோய் வந்து, குணமாகி, இன்று நம்மோடு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களுக்குப் புதிதாக மச்சம் முளைத்தால் டாக்டரிடம்தான் பலன் கேட்க வேண்டும்.

ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகள் பலருக்கு, நோய் மூளைக்குப் போய்விடாமலிருக்க அந்தக் காலத்தில் தலையில் கதிர்வீச்சு கொடுத்தார்கள். இப்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு அது தேவைப்படுவதில்லை. அன்று அது உயிரைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் உள்ளே போகும் கதிர் தோலைத் தாண்டித்தான் போகிறது. வழியில் அது செய்த சேதம் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் தலைதூக்கலாம்.

சிறு வயதில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களை அமெரிக்காவிலும் கனடாவிலும் பல ஆண்டுகளாகப் பின்தொடர்கிறார்கள். 2005ல் வெளிவந்த அந்த ஆய்வின் ஒரு பகுதி தோலைப் பற்றியது. 13,132 பேரில் 213 பேருக்கு மெலனோமா அல்லாத தோல் புற்றுநோய் வந்திருந்தது. எண்ணிக்கை சிறியதுதான். வயதைக் கவனியுங்கள், நடுவயது 31. பொதுவாக இது முதுமையில் வரும் நோய். அந்தக் கட்டிகளில் பத்துக்கு ஒன்பது, முன்பு கதிர் பட்ட அதே இடத்தில் முளைத்தவை. கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு ஆபத்து ஆறு மடங்குக்கு மேல்.

அந்த ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். ‘நம்ம தோலுக்கு அதெல்லாம் வராது’ என்பீர்கள். நம் நிறம் வெயிலை ஓரளவு தடுக்கும். மருத்துவமனை எந்திரத்தின் கதிரை அது தடுக்காது.

ஒரு நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசியபோது, முடிந்ததும் ஓர் அம்மா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். மகளுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய். இப்போது வரன் பார்க்கிறார்கள். “அவளுக்கே முழுசாத் தெரியாது தம்பி. சின்ன வயசுல ரத்தத்துல ஏதோ கோளாறுன்னுதான் சொல்லி வச்சிருக்கோம்.”

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் ‘கேன்சர்’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கு எப்போது சொல்வது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஏனென்றால், 31 வயதுப் பெண் காதுக்குப் பின்னால் ஆறாத புண்ணோடு கிளினிக்குக் போனால் டாக்டருக்குப் புற்றுநோய் ஞாபகம் வராது. ஒரு கிரீம் எழுதிக் கொடுப்பார். ‘சின்ன வயதில் தலையில் கதிர்வீச்சு எடுத்தேன்’ என்று அவள் சொன்னால், அவர் பார்க்கும் பார்வையே மாறும்.

இணையப் படங்களில் இது பெரும்பாலும் இளஞ்சிவப்புப் பருவாக இருக்கும். நம் தோலில் கருப்பாகவோ பழுப்பாகவோ, பளபளப்பான மச்சம் போலத் தெரியும். சில நேரம், பொருக்கு உதிர்ந்து திரும்பத் திரும்பக் கட்டும் சிறு புண், சீப்பு பட்டாலே ரத்தம் கசியும். தலையில் என்றால் முடி மறைத்துவிடும். முதலில் பார்ப்பவர் முடி வெட்டுபவராகக்கூட இருக்கலாம்.

இதில் அதிகம் காணப்படும் வகை மெதுவாக வளரும், மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது. சீக்கிரம் கண்டால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து வெட்டி எடுத்துவிடலாம். விட்டுவிட்டால் ஆழமாக அரித்துக்கொண்டு போகும். கதிர் பட்ட தோலை ஆண்டுக்கு ஒரு முறை டாக்டரிடம் காட்டுவது நல்லது. மோட்டாரில் போகிறவர்கள் கழுத்தையும் மூடுங்கள். ஹெல்மெட் அதை மறைப்பதில்லை, நம் ஊர் மதிய வெயிலும் சும்மா விடாது.

வீட்டு அலமாரியில் பிறப்புப் பத்திரங்களுக்கு அடியில் அந்தப் பழைய ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிகிச்சை தந்த மருத்துவமனையில் கேளுங்கள். அங்கும் கிடைக்காவிட்டால், அம்மாவுக்கு நினைவிருப்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த வயதில், உடம்பில் எந்த இடத்தில், கதிர் கொடுக்க எத்தனை நாள் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று.