அந்த செல்போனைக் கொஞ்சம் உள்ளே வைங்கப்பா!

போன மாசம் ஒரு வார இறுதி ரேட்டிங் டோர்னமெண்ட். எதிரே ரிட்டயர் ஆன ஒரு பெரியவர். ரெண்டு பேரும் சத்தியமா கத்துக்குட்டிங்க. மூணரை மணி நேரம் முட்டி மோதி, ஆளுக்கொரு யானை, அவருக்கு மட்டும் ஒரு சிப்பாய்னு வந்து நின்னு, கடைசில டிரா.

வெளியே வந்து போர்டை விரிச்சோம். என் யானை மூணாவது வரிசையில நின்னு அவர் ராஜாவை உள்ளே விடாம தடுத்துட்டிருந்தது. அவசரப்பட்டு அதை எடுத்துட்டேன். "தம்பி, யானை அங்கேயே நிக்கணும், ஏன்னா..."ன்னு ஆரம்பிச்சார். அதுக்குள்ள பக்கத்துல இருந்த பையன் போனை நீட்டிட்டான். "அங்கிள், இங்க மேட் காட்டுது. கெலிச்ச ஆட்டத்தை விட்டுட்டீங்களே!"

பெரியவர் முகம் சுருங்கிப் போச்சு. காயை எல்லாம் பையில போட்டுட்டுக் கிளம்பிட்டார்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! கேட்டா, "எஞ்சின் உண்மையைத்தானே சொல்லுது"ம்பாங்க. சொல்லுது, யாரு இல்லைன்னா? 1997லயே காஸ்பரோவை டீப் ப்ளூ ஜெயிச்சாச்சு. ஆனா 'பில்ட் ஃபெயில்'னு மட்டும் சொல்லிட்டு லாக் தரலைன்னா நாம ஆபீஸ்ல எந்தக் கத்து கத்துவோம்? 'மேட்'ங்கறதும் அதே கதைதான். எனக்கு வேண்டியது அந்த "ஏன்னா".

அந்த "ஏன்னா" இதுதான். சிப்பாய் முன்னேறி அந்த மூணாவது வரிசைக்கே வந்துட்டா, அவர் ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது. அப்புறம் யானையைக் கடைசிக்கு ஓட்டி, பின்னாலிருந்து செக் கொடுத்துட்டே இருக்கலாம். ஃபிலிடோர் 18ஆம் நூற்றாண்டிலேயே சொன்ன சமாச்சாரம், சார்ஜர் இல்லாம.

இன்னொண்ணு. 2024 டிசம்பர்ல சிங்கப்பூர்ல 14ஆவது ஆட்டம், 55ஆவது நகர்த்தல். டிங் லிரென் யானையை எஃப்2ல வைச்சார், உலகப் பட்டமே குகேஷுக்குப் போச்சு. உலக சாம்பியனுக்கே களைப்புல கண் மறைக்குது. அறுபது தாண்டினவர் நாலாவது மணி நேரத்துல மேட்டைத் தவறவிட்டா நக்கலா?

பத்து நிமிஷம் பொறுத்திருந்தா அவரே கண்டுபிடிச்சிருப்பார். குறைஞ்சபட்சம் தப்பாவாவது கண்டுபிடிச்சிருப்போம், அதுலயும் ஒரு ருசி இருக்கு சாமி.

பி.கு: வீட்டுக்கு வந்து நானும் எஞ்சின்ல போட்டுப் பார்த்தேன் (ஹி ஹி). அதுக்கு முன்னாடியே முப்பதாவது நகர்த்தல்ல என் குதிரை சும்மா வெட்டுப்பட நின்னிருக்கு. ரெண்டு பேருமே கவனிக்கலை :-)