அதே கடல், அதே சிலிண்டர், ஆனால் இரண்டு சட்டம்

கொஞ்சம் நீளமான பதிவுதான். கடலோரத்தில் பிள்ளை வளர்க்கிற எல்லோரும் கடைசி வரை வாசியுங்கள்.

மே தொடக்கம் செப்டெம்பர் வரை நம்ம கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். தண்ணீர் தெளிவு, இளஞ்சூடு. வெளிநாட்டுக்காரர்கள் வந்து, அடியில் கிடக்கிற பழைய கப்பல்களைப் பார்க்க இறங்குகிறார்கள். அவர்களுடைய சிலிண்டர்களைத் தோளில் சுமந்து போட்டில் ஏற்றுவது யார்? நம்ம பொடியன்மார். அதே வயதுப் பொடியன்மார் இரவில் டோர்ச்சும் சிலிண்டருமாகக் கடலட்டை பிடிக்க இறங்குகிறார்கள்.

கடல் ஒன்றுதான், சிலிண்டரும் ஒன்றுதான். சட்டம் மட்டும் ஏன் இரண்டு?

வெளிநாட்டுக்காரனை யாரும் சும்மா இறக்குவதில்லை. முதலில் பாடம், பிறகு பயிற்சி, பிறகு சான்றிதழ். முதல் மட்டச் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர் வரைதான் போகலாம். பக்கத்தில் எப்போதும் ஒரு கூட்டாளி இருக்க வேண்டும். கையில் ஆழமும் நேரமும் காட்டும் கருவி. மேலே வரும்போது மெதுவாக வந்து, 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றுவிட்டுத்தான் தலையை வெளியே காட்டுவான்.

நம்ம பொடியனுக்கு என்ன கிடைக்கிறது? முன்னே போன ஒரு காக்கா, வாயில் எதைக் கடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுப்பார். அதோடு பாடம் முடிந்தது. எத்தனை மீட்டர் போனாய், எத்தனை நிமிஷம் இருந்தாய் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. எத்தனை அட்டை வந்தது என்பது மட்டும் தெரியும். முதலாளிக்கும் அது மட்டும் போதும்.

இதில் விஞ்ஞானம் என்ன? ஊரில் "ஒட்சிசன் சிலிண்டர்" என்கிறோம். அதற்குள் இருப்பது நாம் சுவாசிக்கிற சாதாரண காற்று, அமுக்கி அடைத்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசன். ஆழம் கூடக் கூட அமுக்கம் கூடும். 10 மீட்டரில் மேலே உள்ளதைப்போல் இரு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அமுக்கத்தில் நைதரசன் இரத்தத்திலும் தசையிலும் கரையும். சோடாப் போத்தலைச் சட்டென்று திறந்தால் என்ன நடக்கும்? வேகமாக மேலே வருகிறவனின் உடம்புக்குள் நடப்பதும் அதுதான். குமிழி முள்ளந்தண்டில் அடைத்தால் கால் போகும், சிறுநீர் போகாது, சில வேளை உயிரும் போகும்.

சுழியோடிகள் பரவலாகப் பயன்படுத்தும் ஓர் அட்டவணையின்படி, நாளின் முதல் முழுக்கில் 12 மீட்டரில் 147 நிமிஷம் இருக்கலாம். 18 மீட்டரில் 56. 30 மீட்டரில் வெறும் 20. கரையோரத்தில் அட்டை குறையக் குறைய நம்ம பிள்ளைகள் இன்னும் ஆழத்துக்குப் போகிறார்கள். ஒரே நாளில் நாலு தரம், ஐந்து தரம் இறங்குகிறார்கள். இந்தக் கணக்கை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

ஆழம் குறைந்த இடத்தில் பயமில்லை என்று நினைப்பதும் பிழை. 10 மீட்டரில் நுரையீரல் நிறையக் காற்றெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று இரு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும். அதற்குத்தான் படிப்பு.

அந்தப் படிப்புக்கு ஆழம் குறைந்த கப்பல் நல்லதொரு வகுப்பறை. ஹிக்கடுவைப் பக்கம் 1903இல் மூழ்கிய எண்ணெய்க் கப்பல் கொன்ச் கிடக்கிறது. அதன் மிக ஆழமான இடமே ஏறக்குறைய 20 மீட்டர்தான். நம்ம பக்கத்தில், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல்கள் கிடக்கின்றன. பிரிட்டிஷ் சார்ஜன்ட் 24 மீட்டரளவில், அதற்கு இரண்டாம் மட்டப் பயிற்சி வேண்டும். ஹேர்ம்ஸ் 50 மீட்டருக்கும் கீழே, அது கைதேர்ந்தவர்களுக்கு மட்டும். 307 பேர் மாண்ட கப்பல் அது. எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது என்று தெரிந்தவன்தான் சுழியோடி.

கிரேட் பாசஸ் வெளிச்சவீட்டுப் பக்கம் 1961இல் ஒரு கப்பலின் சிதைவு கண்டுபிடிக்கப்பட்டது. கண்டது யார் தெரியுமா? மைக் வில்சனும் அவரோடு போன இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும். அதில் கிடைத்த வெள்ளி நாணயங்கள் சூரத்தில் அச்சடித்தவை, ஹிஜ்ரி 1113, அவுரங்கசீப் பெயரில். அதில் உள்ள எழுத்து பாரசீகம். அலிஃப், பே படித்த நம்ம பிள்ளை எழுத்துக்கூட்டிப் பார்க்கக்கூடிய காசு. ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். நம்ம பிள்ளைகளின் பாடத்தில் அது எங்கே?

"அது வெள்ளைக்காரன் விளையாட்டு" என்பார்கள். அப்படியானால் நம்ம பிள்ளை சிலிண்டரோடு அட்டைக்கு இறங்கும்போது அது எந்த விளையாட்டு? "உடுப்பு சரியில்லை" என்பார்கள். சுழியோடும் முழு உடுப்பு கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும். "2004க்குப் பிறகு கடலென்றாலே பயம்" என்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. பயமிருக்கிற வீட்டில்தான் பிள்ளைக்கு முதலில் நீச்சல் பழக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. கப்பல் சிதைவில் மீன் கூடுகிறதென்று டைனமைட் போடுகிறவர்கள், இரும்பை வெட்டி நிறுத்து விற்கிறவர்கள். வெடி வைத்து மீன் பிடிப்பது குற்றம். மீன் முட்டையிட்டு ஒதுங்கிய வீட்டை ஒருநாள் காசுக்கு உடைத்துவிட்டு, அடுத்த வருஷம் மீனில்லை என்று யாரிடம் அழுவது? கப்பல் முழுசாகக் கிடந்தால் வழிகாட்டிக்கும் போட்காரனுக்கும் சமையல்காரனுக்கும் வருஷா வருஷம் பிழைப்பு.

நாம் கேட்பது இவ்வளவுதான். பயிற்சி இல்லாத எவன் கையிலும் முதலாளிமார் சிலிண்டர் கொடுக்கக்கூடாது. மீனவர் சங்கங்கள் ஆழமும் நேரமும் எழுதும் கொப்பி வைக்க வேண்டும். நம்ம கரையில் காசு உழைக்கும் டைவ் நிலையங்கள் வருஷத்துக்குச் சில உள்ளூர்ப் பிள்ளைகளுக்காவது இலவசமாகப் பயிற்சி கொடுக்க வேண்டும். பள்ளி நிருவாகங்கள் ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிஷம் ஒதுக்கி, கீழே உள்ளதை அறிவிக்க வேண்டும்.

கடலால் வந்தவனுக்கு மூட்டுவலி, விறைப்பு, தலைச்சுற்று, நடக்க முடியாமை, சிறுநீர் போகாமை எது இருந்தாலும் எண்ணெய் தேய்க்காதீர்கள். "திரும்ப ஒருக்கா இறங்கினால் சரியாகும்" என்பவனின் பேச்சைக் கேட்காதீர்கள். படுக்க வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், "சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கினவர், ஒட்சிசன் கொடுங்கள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அமுக்க அறைச் சிகிச்சைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பிந்துகிற ஒவ்வொரு மணித்தியாலமும் அவன் காலிலிருந்து கழிகிறது.

வீட்டில் கடலுக்குப் போகிற ஒருவர் இருந்தால் இதை இன்றைக்கே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.