தனக்கென ஒரு விலாசம்

(பழைய மாணவி ஒருவர்)

பள்ளி வாழ்வின் கடைசி நாளன்று ஒவ்வொரு மாணவியும் தன் தோழியிடம் கண்ணீரோடு சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "மறந்துவிடாதே, தொடர்பிலேயே இரு!" என்பதே அது. ஆட்டோகிராஃப் ஏட்டின் வண்ணத் தாள்களில் அதையே வாக்குறுதியாக எழுதியும் கொடுக்கிறோம். ஆனால், ஐந்தாண்டுகள் கழிந்த பின் அந்தத் தோழியரில் எத்தனை பேருடைய இருப்பிடம் நமக்குத் தெரிகிறது? நமக்கு வேண்டாம், நம்மை வளர்த்த பள்ளிக்காவது தெரிகிறதா?

சென்ற ஆண்டு எங்களுக்கு நேர்ந்த அனுபவம் ஒன்றை இங்கே கூற விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற நம் ஆசிரியை ஒருவர் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். தம் மாணவியரை ஒரு முறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பழைய மாணவியர் சங்கத்தைச் சேர்ந்த நாங்கள் நால்வர் பள்ளிப் பதிவேட்டிலிருந்த விலாசங்களைப் படியெடுத்துக் கடிதங்கள் அனுப்பினோம். இரண்டே வாரங்களில் கடிதங்கள் கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தன. "விலாசதாரர் இல்லை", "வீடு மாறிவிட்டார்" என்று ஒவ்வொன்றின் மேலும் தபால்காரரின் குறிப்பு! இறுதியில் டீச்சரைப் பார்க்க வந்தவர்கள் ஒன்பது பேர். அந்த ஒன்பது பேரையும் அவர் பெயர் சொல்லி அழைத்து மகிழ்ந்தார். மறு மாதமே இறைவனடி சேர்ந்தார்.

எட்டு மாதங்கள் கழித்து ஒரு தங்கை எனக்குத் தொலைபேசியில் பேசினாள். "எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே, அக்கா! நான் இதே ஊரில்தானே இருக்கிறேன். டீச்சர் வீட்டுக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தானே என் வீடு!" என்று அழுதாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்?

சிந்தித்துப் பார்த்தபோது காரணம் விளங்கிற்று. நம் பதிவேட்டில் இருப்பவை மாணவியரின் விலாசங்கள் அல்ல; அவர்களுடைய தந்தையரின் விலாசங்கள். ஆண் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. மகன் வெளிநாட்டில் இருந்தாலும் தந்தை வீட்டுக்கு வரும் கடிதம் எப்படியும் அவன் கைக்குப் போய்ச் சேரும். பெண்ணின் நிலை வேறு. திருமணம் முடிந்ததும் வீடு மாறுகிறது, ஊர் மாறுகிறது, இனிஷியலும் மாறுகிறது. பிறகு "மே/பா" என்று கணவரின் பெயரைப் போட்டுத்தான் அவளுக்குக் கடிதம் வருகிறது. பெண்கள் பள்ளி தன் பிள்ளைகளைத் தொலைப்பது இவ்வாறுதான்.

இந்தக் குறையைத் தீர்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. அதுதான் மின்னஞ்சல் பட்டியல்.

மின்னஞ்சல் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு வலைப்பின்னல் வழியே செய்தி அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த சுழிக் குறியைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறது. இந்த விலாசத்தில் தந்தை பெயரோ கணவர் பெயரோ தேவையில்லை. தெருவும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. தஞ்சாவூரில் இருந்தாலும் டொராண்டோவில் இருந்தாலும் அதே விலாசம்தான். பெண்ணொருத்தி தன் பெயரிலேயே பெற்று, வாழ்நாள் முழுதும் தன்னோடு கொண்டு செல்லக்கூடிய விலாசம் இது. ஆகவே, பள்ளியை விட்டுச் செல்லும் ஒவ்வொரு மாணவியின் மின்னஞ்சல் விலாசத்தையும், அவள் சம்மதத்தோடு, பள்ளி பெற்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

"அதுதான் வாட்ஸ்அப் குழு இருக்கிறதே! பின் இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சாதாரணக் குழு ஒன்றில் சேர்ந்தால் நம் தொலைபேசி எண் அங்குள்ள அனைவருக்கும் தெரிந்துவிடுகிறது. எத்தனையோ பெண்கள் அந்தக் காரணத்தினாலேயே சேரத் தயங்குகிறார்கள். மேலும், காலை வணக்கப் படங்களும் துணுக்குகளும் குவியும் இடத்தில் முக்கியமான செய்தி கடலில் கரைத்த பெருங்காயமாகிவிடுகிறது.

சமூக வலைத்தளங்களை நம்பலாமா? 2004-ஆம் ஆண்டில் தொடங்கிய ஆர்க்குட் தளத்தில் நம் நாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் கூடினார்கள். 2014 செப்டம்பர் 30 அன்று அது மூடப்பட்டது. கூகுள் பிளஸ் என்பதும் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அங்கே கூடியிருந்தவர்கள் மீண்டும் ஒருவரையொருவர் தேட வேண்டியதாயிற்று. வாடகை வீட்டில் எவ்வளவு அழகாகக் கோலம் போட்டாலும் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினால் நாம் வெளியேதான் நிற்க வேண்டும். மின்னஞ்சல் பட்டியலோ நம் கையிலிருக்கும் ஏடு. அனுப்பும் நிறுவனத்தை மாற்றினாலும் ஏடு நம்மிடமே இருக்கும்.

ஆனால் அன்புத் தங்கைகளே, விலாசங்களைச் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது. பட்டியல் என்பது ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த அடைக்கலப் பொருள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பது மிக எளிது. 1978 மே மாதத்தில் அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர், அந்நாளைய வலைப்பின்னலில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு, அவர்கள் கேளாமலேயே ஒரு விளம்பரக் கடிதத்தை அனுப்பினார். பலர் கோபம் கொண்டனர். அதையே உலகின் முதல் குப்பை மின்னஞ்சல் என்கிறார்கள். "விலாசம் கிடைத்ததே, அனுப்பினால் என்ன?" என்ற எண்ணத்தில் தொடங்கிய அந்தத் தவறு இன்று எல்லோர் அஞ்சல் பெட்டியையும் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

நாங்களும் ஒரு தவறு செய்தோம். அதை மறைப்பது முறையன்று. டீச்சரின் மறைவுக்குப் பின் சுமார் எண்பது பேரின் மின்னஞ்சல்களைச் சேகரித்து முதல் கடிதத்தை அனுப்பியபோது, எல்லா விலாசங்களையும் "பெறுநர்" கட்டத்திலேயே போட்டுவிட்டேன். எண்பது பேரின் விலாசமும் எண்பது பேருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் ஒரு பெண் பேசினாள். தன் விலாசம் உறவினர் சிலருக்குத் தெரியக் கூடாது என்று அவள் மிகுந்த எச்சரிக்கையோடு இருந்திருக்கிறாள். என் கவனக்குறைவால் அவள் புது விலாசம் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தாள், ஆனால் புது விலாசத்தை எங்களுக்குத் தரவில்லை. அவள் செய்தது சரியே. "மறைநகல்" என்ற கட்டத்தில் போட்டிருந்தால் ஒருவர் விலாசம் மற்றவருக்குத் தெரிந்திராது. இச்சிறு விஷயத்தை அறியாமல் ஒரு சகோதரியை இழந்தோம்.

அந்த அனுபவத்திலிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட ஒழுங்குமுறைகளைக் கூறுகிறேன். முதலாவது, கேட்டுச் சேர்ப்பது. "ஆண்டுக்கு நான்கு கடிதங்கள் வரும், பள்ளிச் செய்திகளும், தவிர்க்க முடியாத அவசரச் செய்திகளும் மட்டுமே வரும், வேண்டாம் என்றால் எந்த நாளும் விலகலாம்" என்று முன்கூட்டியே சொல்லி, சம்மதம் கொடுத்தவரை மட்டுமே சேர்க்க வேண்டும். 2023-ஆம் ஆண்டில் நம் நாட்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தையே அடிப்படையாக வைக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவியரில் பலருக்குப் பதினேழு வயதுதான். ஆகவே பெற்றோரின் கையொப்பமும் அவசியம்.

இரண்டாவது, விலக விரும்பியவரை மனவருத்தமின்றி உடனே விடுவிப்பது. 2024 முதல், பெருமளவில் மின்னஞ்சல்கள் அனுப்புவோர் எளிதாக விலகும் வசதியைத் தர வேண்டும் என்று கூகுளும் யாகூவும் விதி செய்திருக்கின்றன. நம் பட்டியல் அவ்வளவு பெரிதன்று. ஆயினும் மரியாதை எல்லோருக்கும் பொதுவல்லவா?

மூன்றாவது, பட்டியலை எவருக்கும் கொடுக்காதிருப்பது. நல்ல காரியத்திற்கென்று கேட்டாலும், தெரிந்தவரே கேட்டாலும் கொடுக்கலாகாது. பட்டியல் ஒருவர் கைப்பேசியில் மட்டும் இருந்தால் அவர் மாறிச் செல்லும்போது அதுவும் போய்விடும். பள்ளி அலுவலகக் கணக்கில், பொறுப்பான இருவர் பார்வையில் இருக்க வேண்டும். திரும்பி வரும் விலாசங்களை ஆண்டுக்கொரு முறை நீக்கிச் சரிபார்க்க வேண்டும். விலாசம் தரும் மாணவியும் கல்லூரியோ அலுவலகமோ கொடுத்ததைத் தராமல் தன் சொந்த விலாசத்தைத் தர வேண்டும். வேலையை விட்டால் அலுவலக விலாசம் போய்விடும்; பிறகு பழைய கதைதான்!

கடிதத்தில் என்ன எழுதுவது? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். வாரந்தோறும் எழுதினால் சலிப்பு வரும். மூன்றாண்டுக்கு ஒரு முறை எழுதி நன்கொடை மட்டும் கேட்டாலோ, கை நீட்டும்போது மட்டும் நினைவு கொள்ளும் உறவாகிவிடும். மகிழம்பூ மரம் இவ்வாண்டும் பூத்ததா, எந்த டீச்சர் ஓய்வு பெறுகிறார், எந்தத் தங்கை மாவட்ட ஓட்டப் பந்தயத்தில் வென்றாள், யார் மருத்துவமனையில் இருக்கிறார் என்பவற்றைத்தான் தூரத்தில் இருப்பவள் அறிய விரும்புகிறாள். எழுதியவர் தம் பெயரைப் போட்டு எழுத வேண்டும். பதில் வந்தால் அதை ஒருவர் படித்து மறுமொழி தர வேண்டும். இல்லாவிட்டால் அது சுவரொட்டி, கடிதம் அன்று.

மின்னஞ்சலால் இணைந்தவர்கள் நலம் விசாரித்துக்கொள்வதோடு நின்றுவிட வேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்களை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு, பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழன்பர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து உலகுக்கு இலவசமாக அளித்தார்கள். ஒருவரையொருவர் நேரில் பாராத பலர் இணைய வழித் தொடர்பினால் இதைச் சாதித்தார்கள் என்றால், ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே மணியோசைக்கு எழுந்த நாம் எவ்வளவோ செய்யலாமே! ஏழைத் தங்கை ஒருத்தியின் கல்லூரிக் கட்டணம், வேலை தேடுபவளுக்கு ஒரு வழிகாட்டல், புது ஊருக்குச் செல்பவளுக்கு ஒரு வீட்டு வாசல் — இவையெல்லாம் ஒரு கடித தூரத்தில் இருக்கும்.

மின்னஞ்சல் இல்லாத மூத்த சகோதரிகளை மறந்துவிடக் கூடாது. அவர்களுக்குத் தபால் அட்டை தொடரட்டும். மகளோ பேத்தியோ மின்னஞ்சலைப் படித்துக் காட்டினாலும் நல்லதே.

இறுதியாகப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். "பெண் பிள்ளைக்குத் தனியாக ஒரு விலாசம் எதற்கு?" என்று தயங்காதீர்கள். உங்கள் மகளின் கல்லூரி விண்ணப்பமும், வேலைக்கான அழைப்பும், வங்கிக் கணக்கும் அந்த விலாசத்தைத்தான் கேட்கப் போகின்றன. நீங்களே அருகில் அமர்ந்து அதைத் தொடங்கிக் கொடுங்கள். கடவுச்சொல்லைக் காப்பது எப்படி என்று சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டை விட்டு அவள் எங்கு சென்றாலும் அவளைத் தேடி ஒரு நல்ல செய்தி வந்து சேர அது உதவும்.

இவ்வாண்டு விடைபெறும் தங்கைகளே, பிரிவு விழாவன்று மண்டப வாசலில் ஒரு மேசையும் ஒரு படிவமும் வைக்க அனுமதிக்க வேண்டும் என்று தலைமையாசிரியை சிஸ்டர் அவர்களிடம் வேண்டியிருக்கிறோம். விருப்பமிருந்தால், பெற்றோரைக் கேட்டுக்கொண்டு, உங்கள் பெயரையும் விலாசத்தையும் தெளிவான எழுத்தில் எழுதிக் கொடுங்கள். எங்கள் டீச்சருக்கு ஒன்பது பேர்தான் வந்தோம். உங்கள் டீச்சருக்கு அந்தக் குறை வராதிருக்கட்டும்.