வாடகை இல்லாத வீடு

"தோட்டத்து ஆட்களுக்கு என்னப்பா, வீடு சும்மா, தண்ணி சும்மா, ஆஸ்பத்திரி சும்மா. சம்பளத்தையும் கூட்டிக் கேட்டால் எப்படி?"

கினிகத்தேனைக் கடைத்தெருவில் அட்டன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரத்துக்குள் இதைக் கேட்டுவிடலாம். கொழும்பிலிருந்து வந்த கனவான் சொன்னால் போகட்டும் என்று விடலாம். பாதி நேரம் சொல்வது நம் ஆட்கள்தான். லயத்தில் பிறந்து, படித்து, டவுனில் கடை போட்டு, சொந்தக் காணிக்கு உறுதி முடித்த கையோடு சொல்கிறார்கள். அதுதான் எரிகிறது.

ஆஸ்பத்திரிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் யாரிடம்தான் காசு வாங்குகிறார்கள்? கிராமத்தார் பெற்றால் அது உரிமை, தோட்டத்தார் பெற்றால் இனாமா? கிராமங்களுக்குச் சுவர்ணபூமி, ஜயபூமி என்று அரசாங்கக் காணியே பத்திரம் போட்டுக் கொடுக்கப்பட்டது. அதை யாரும் குத்திக்காட்டுவதில்லை, காட்டவும் கூடாது. நம்மவருக்கு அந்த வரிசையில் இடம் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. மிச்சம் இருந்தவர்களுக்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003 ஆயிற்று. இடையில், எழுபதுகளில், தோட்டங்கள் அரசுடைமையாயின, பிறகு கம்பனிகளின் கைக்குப் போயின. லயம் மட்டும் லயமாகவே இருந்தது.

இனி வீடு. வாடகை இல்லை என்பது உண்மை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. துரை அதை ஏன் சும்மா கொடுத்தார்? விடிந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதற்கு. தொழுவத்துக்கு மாட்டிடம் யாரும் வாடகை கேட்பதில்லை.

அந்தக் காலத்தில் தோட்டம் மாறத் 'துண்டு' வேண்டும். பட்ட கடனை அதில் எழுதியிருப்பார்கள். துண்டு இல்லாதவரை அடுத்த தோட்டம் சேர்க்காது. இப்போது துண்டு இல்லை, வீடே துண்டாகிவிட்டது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் இல்லாவிட்டால் காம்பரா ஆட்டம் காண்கிறது. ஒரு சுவர் கூட்டவும் ஆபீஸில் கேட்க வேண்டும். கடிதமும் ஆபீஸ் வழியாகத்தான் வரும். நேர்முகப் பரீட்சை முடிந்தபின் கைக்கு வந்த கடிதத்தைப் பற்றி எந்த லயத்தில் விசாரித்தாலும் ஒரு கதை உண்டு. இருக்கும் வீட்டை ஈடு வைத்து வங்கியில் பத்து ரூபாய் கடன் எடுக்க முடியாது.

அமெரிக்காவிலும் இந்த வித்தை நடந்தது. மேற்கு வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், கறுப்பர், வெள்ளையர், இத்தாலியர் எல்லாருமே, கம்பனி வீட்டில் இருந்தார்கள். சங்கத்தில் சேர்ந்தவர்களின் குடும்பங்களைக் கம்பனி அமர்த்திய ஆட்கள் வீட்டை விட்டு வெளியே போட்டார்கள். 1920 மே 19 அன்று மேட்வான் ஊரில் அது துப்பாக்கிச் சண்டையாகி, பத்து உயிர் போனது. எஜமான் வீட்டில் குடியிருப்பவருக்கு வாயும் எஜமானுடையதுதான் என்பதை அந்த ஊர் அன்றே கண்டுகொண்டது.

நம் தோட்டத்துக்குக் கம்பனி பாதை போடாவிட்டால் பிரதேச சபை போடட்டும் என்பீர்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு குறுக்கே நின்றது. சபைக்கு ஓட்டுப் போட முடிந்தது, சபைக் காசு தோட்டத்துக்குள் வர முடியவில்லை. திருத்தம் வந்தது 2018இல்.

இப்போது கணக்குக்கு வருவோம். சம்பளச் சீட்டில் ஈ.பி.எப்., சங்கச் சந்தா, கோயில், தேயிலைத்தூள் என்று கழிவு இறங்குகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் கம்பனித் தரப்பு வீட்டையும் பிள்ளைக்காம்பராவையும் தன் செலவாகக் காட்டி, இதற்கு மேல் தாங்காது என்கிறது. அப்படியானால் வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்தாயிற்று. பிறகு எப்படி ஐயா அது சும்மா?

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்பது நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு முன்பே தனி வீட்டில் குடிபோன பலர் உறுதிக்காகக் காத்திருந்தார்கள். உறுதி இல்லாத தனி வீடு, இடைவெளி விட்டுக் கட்டிய லயம்.

இனி கடைத்தெருவில் யாராவது "சும்மா" என்று தொடங்கினால், அவருடைய காணி உறுதியை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசச் சொல்லுங்கள்.