நங்கூரத்துக்கு முன் மிதவை

லட்சத்தீவின் மினிக்காய்த் தீவு மீனவரின் நாள் சூரை மீனில் தொடங்குவதில்லை. விரல் நீளம்கூட இல்லாத இரைமீனில் தொடங்குகிறது. பவளப்பாறை அரண்போல் சூழ்ந்த ஆழமில்லாத உள்நீரில் வலை விரித்து, அவற்றை உயிரோடு பிடித்து, படகுக்குள் இருக்கும் நீர்த்தொட்டியில் விட்டுக்கொண்டு வெளிக்கடலுக்குப் போகிறார்கள். சூரைக் கூட்டம் தென்பட்டதும் இரைமீனை அள்ளி வீசி, கடல்மேல் தண்ணீரைத் தூறலாகத் தெளிக்கிறார்கள். வெறிகொண்டு மேலே வரும் சூரையை, எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறார்கள். மீன் தானாகக் கழன்று தளத்தில் விழும். ஆமையும் ஓங்கிலும் வலையில் சிக்கிச் சாகாத இந்தத் தொழிலை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதன் உயிர் பவளத்தில் இருக்கிறது. இரைமீன்களில் பல, பவளக் கிளைகளை ஒட்டியே வாழ்பவை. 1998, 2010, 2016 என அடுத்தடுத்துக் கடல் சூடேறி லட்சத்தீவுப் பவளம் வெளுத்து மடிந்தது. மிஞ்சியதன் மேல் சுற்றுலாவுக்கு வரும் உல்லாசப் படகின் நங்கூரமும் சங்கிலியும் உரசினால் என்ன ஆகும்? பாறைபோல் திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது; ஒரு நொடியில் உடைவது மீள ஒரு தலைமுறை போதாது. சுற்றுலா வரட்டும். அதற்கு முன் மணல் தரையில் நிலையான மிதவைகளைப் பதித்து, படகுகளை அவற்றில் மட்டுமே கட்டவேண்டும் என்று விதி செய்யுங்கள். எங்கே பதிப்பது என்பதை அந்த மீனவர்களிடமே கேளுங்கள்.