சப்பென்ற டோஃபுவுக்குச் சுவை ஏற்றலாம்!

"டோஃபுவில் சத்து இருக்கிறது, வாஸ்தவம்தான். வாயில் வைக்க முடியவில்லையே!" என்று அலுத்துக் கொள்ளும் சகோதரிகள் பலர். சோயா பாலைத் திரித்து, வடித்து, அழுத்தி எடுப்பதுதான் டோஃபு. கடைகளில் சோயா பனீர் என்றும் விற்கிறார்கள். பார்வைக்குப் பனீர் மாதிரி இருப்பதால் அப்படியே குருமாவில் போட்டு விடுகிறோம். பனீருக்குப் பால் கொழுப்பின் ருசி உண்டு. டோஃபுவிலோ பெரும்பகுதி தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை மசாலா உள்ளே போகாது.

எங்கள் வீட்டில் இதை ருசியாகச் செய்தே தீர வேண்டியிருந்தது. மாமியாருக்கு வயது 76. காய்ச்சலில் படுத்து எழுந்தபின் நடையே தளர்ந்து போயிற்று. டாக்டர் புரதம் நிறையச் சேர்க்கச் சொன்னார். முட்டையைத் தொட மாட்டார்கள். பால் குடித்தால் வயிறு உப்பும். சுண்டலை மெல்லப் பல் இல்லை. டோஃபுவை வைத்தால், "ஏம்மா, நனைஞ்ச பஞ்சைத் தின்னச் சொல்றியே!" என்று தட்டை நகர்த்தி விடுவார்கள். தட்டிலேயே தங்கிவிடும் சத்தினால் யாருக்கு என்ன லாபம்?

முதலில் தண்ணீரை எடுங்கள்

கெட்டியான டோஃபு 200 கிராம் வாங்கி, ஒரு விரல் கனத்துக்குப் பட்டையாக நறுக்குங்கள். இரண்டு கப் கொதிக்கும் நீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, அதில் கால் மணி ஊற வையுங்கள். உப்பு கொஞ்சம் உள்ளே இறங்கும். பிறகு சுத்தமான துணியில் சுற்றி, மேலே ஒரு தட்டும் அதன்மேல் தண்ணீர் நிரம்பிய சொம்பும் வைத்து அரைமணி விட்டு விடுங்கள். துணி ஈரமாவதைப் பார்த்தாலே விஷயம் புரியும்.

ஊற வைக்க இரண்டு மசாலா

காரம் வேண்டுபவர்களுக்கு: நெல்லிக்காய் அளவு புளியைக் கெட்டியாகக் கரைத்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள் தலா ஒரு டீஸ்பூன், நசுக்கிய பூண்டு நாலு பல், சிட்டிகை மஞ்சள்தூள், சிறு துண்டு வெல்லம், அரை டீஸ்பூன் உப்பு.

பெரியவர்களுக்கு: ஒரு மூடி எலுமிச்சைச் சாறு, இஞ்சிச் சாறு ஒரு டீஸ்பூன், மிளகு, சீரகப் பொடி தலா அரை டீஸ்பூன், கறிவேப்பிலை, திட்டமாக உப்பு.

இதில் எண்ணெய் சேர்க்காதீர்கள். ஈரமான டோஃபுவுக்குள் எண்ணெய் இறங்காது. மேலே படிந்து மசாலாவையும் தடுக்கும். துண்டு போட்டுப் பிரட்டி, குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜில் வைத்தால் இன்னும் நன்றாயிருக்கும்.

பேக் செய்வது

ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்குங்கள். துண்டுகளின் மேல் இரண்டு டீஸ்பூன் அரிசி மாவு தூவி, ஒரு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் தடவி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்புங்கள். 15 நிமிஷம் கழித்துத் திருப்பிப் போட்டு, இன்னும் 10 நிமிஷம் விட்டால் ஓரம் மொறுமொறுப்பாகும். பூண்டும் வெல்லமும் சீக்கிரம் கருகும். கடைசி ஐந்து நிமிஷம் பக்கத்திலேயே இருங்கள். பல் இல்லாதவர்களுக்கு மொத்தம் 15 நிமிஷம் போதும், உள்ளே மெத்தென்று இருக்கும். ஓவன் இல்லையா? தோசைக்கல்லில் மிதமான தீயில் மூடாமல் இருபுறமும் சிவக்க விடுங்கள்.

மிளகு போட்டதை ரசம் சாதத்தோடு வைத்தேன். "இன்னும் ரெண்டு வை" என்றார்கள் மாமியார். இப்போது வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டில் இது உண்டு.

சில குறிப்புகள்

கெட்டி டோஃபு 100 கிராமில் ஏறக்குறைய 10 முதல் 15 கிராம் புரதம் உண்டு. கால்சியம் சல்ஃபேட் போட்டுத் திரித்ததென்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். பிரித்தபின் மீதியைத் தண்ணீரில் மூழ்க வைத்து ஃபிரிட்ஜில் வைத்து, தினமும் நீரை மாற்றி, மூன்று நாளுக்குள் தீர்த்து விடுங்கள்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதோடு சேர்த்துச் சோயா உண்ணக் கூடாது. மாத்திரை உடம்பில் சரியாகச் சேராது. எவ்வளவு நேர இடைவெளி வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுக் கொள்ளுங்கள். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்த்து விடுவதே நல்லது.