கூட்டாளியைக் குறை சொன்னது போதும்



ஒரு பிள்ளை ஐஸ் கேசில் பிடிபட்டால் சவளக்கடையிலும் சரி, கல்முனை, மருதமுனையிலும் சரி, ஊர் சொல்வது ஒன்றுதான்: "கூடாத கூட்டாளிமாரால கெட்டுப் போனான்." ஆசிரியர்களாகிய நாங்களும் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். இனிச் சொல்ல மாட்டோம். எங்கள் வகுப்பிலிருந்து போன சில பிள்ளைகளின் கையில் பொட்டலத்தைக் கொடுத்தது கூட்டாளி அல்ல. சாச்சா, மாமா, கூடப்பிறந்த காக்கா.

ஏன் பிள்ளையிடம் கொடுக்கிறார்கள்? 2022 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 5 கிராம் ஐஸ் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரலாம். 18 வயதுக்குக் குறைந்தவனுக்கு மரண தண்டனை விதிக்க முடியாது. பெரியவர் தன் கழுத்தைக் காப்பாற்றப் பிள்ளையின் வயதை விற்கிறார். இதற்குப் பெயர் குடும்பப் பாசமா?

உள்ளே போன பிறகு என்ன நடக்கிறது? எங்களிடம் பேசிய பிள்ளைகள் சொன்னது இது: "நீ யாருட ஆள்?" என்பதுதான் முதல் கேள்வி. மாமாவின் பெயரைச் சொன்னால் படுக்க இடமும் பாதுகாப்பும் கிடைக்கும். அந்தப் பெயருக்காகவே பிறகு சண்டையும் பிடிக்க வேண்டும். பார்க்க வருபவரும் அதே மாமாதான் என்றால் அந்தப் பிள்ளை எப்படித் திருந்துவான்? "உள்ள போயும் அடங்கல்ல" என்று ஊர் பேசுகிறது. அடங்க விட்டோமா?

குடும்பமே பாதுகாப்பு என்பவர்கள் மித்தெனியவை நினைத்துப் பாருங்கள். 2025 பெப்ரவரி 18 அன்று வாப்பாவுக்கு வைத்த குறியில் அவரோடு 6 வயது மகளும் 9 வயது மகனும் போனார்கள். துப்பாக்கி உறவு பார்ப்பதில்லை.

"அரசாங்கம் திருத்தட்டும்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 இல் நமது கல்முனையிலேயே சிறுவர் நன்னடத்தை நிலையத்தில் இருந்த ஒரு சிறுவன் உயிரிழந்தான், மேற்பார்வையாளர் கைதானார். நாலு நாள் முகநூலில் பொங்கினோம். பிறகு மறந்தோம்.

ஆகவே கேட்கிறோம். பள்ளி நிர்வாகங்களே, பிள்ளைகளை ஏவுகிற பெரியவர்களுக்கு நற்சான்றுக் கடிதம் கொடுக்காதீர்கள். அவர்களின் பணத்தில் பள்ளிக்கு மாபிள் பதிக்காதீர்கள். உம்மாமாரே, பிள்ளையைப் பார்க்க நீங்கள் போங்கள், மூத்தம்மா போகட்டும், நாங்களும் வருகிறோம், ஏவியவரை அனுப்பாதீர்கள். அதிபர்களே, திரும்பி வருகிற பிள்ளைக்கு வாசலை அடைக்காதீர்கள். வட்டரெக்கவில் சிறைக்குள் இருந்தே சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளியே வந்தவனுக்கு நாம் ஒரு வாங்கு கொடுக்காவிட்டால் மாமா கதிரை போட்டுக் காத்திருப்பார்.

அந்தக் குடும்பங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒதுக்கினால் பிள்ளைக்கு மிஞ்சுவது அந்தக் கும்பல் மட்டும்தான். குற்றம் செய்தவரின் பெயரைச் சொல்லுங்கள், பிள்ளையின் பெயரை மறையுங்கள். இப்போது நாம் செய்வது நேர் எதிர்.

இதை எழுதியதற்கு எங்கள் மீது கோபப்படுபவர்கள் கோபப்படட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.